வெற்று மாதிரி

நாள் 118 — 06:10

நிலவின் தென்துருவ நீர் நிலையம். பொறுப்பில்: ஜெசிந்தா மச்சாது, வேதியியலாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. நிலையத்தில் இருப்போர்: ஒருவர்.

பெரிய தொட்டி 31,400 லிட்டர். உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 190. ஆக்சிஜன் உற்பத்தி சீர். பனி தோண்டும் இயந்திரம் ஏழாம் துளையில் ஓடுகிறது.

நீர்ப் பரிசோதனை: பூஜ்யம். தண்ணீர் சுத்தம்.

சிறு குறிப்பு: சோதனைப் பெட்டியின் கேமரா இன்று ஓர் எச்சரிக்கை காட்டியது. "சென்சார் நிரம்பியது." முடிவு பூஜ்யம் என்றுதான் வந்திருக்கிறது, ஆகவே அவசரமில்லை. மதியம் பார்க்கிறேன்.

இந்தக் குறிப்பேடு பூமிக்குப் போகாது, "பின்னர் வருபவருக்கு" என்கிறது விதிமுறைப் புத்தகம். பின்னர் வருபவரே, வணக்கம். காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள். இங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

நாள் 118 — 15:30

நடந்திருக்கிறது.

நீங்கள் வேதியியல் படித்தவரா என்று தெரியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டித் தண்ணீரில் லூமினால் கலந்த மருந்தைச் சில துளி விடுவோம். தண்ணீரில் தகாத பொருள் இருந்தால் மருந்து அதனோடு வினைபுரிந்து ஒளி தரும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளி. வெளிச்சம் புகாத பெட்டிக்குள், மைனஸ் 90 டிகிரியில் குளிர வைத்த கேமரா சென்சார் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அதன் மேல் விழும் ஒளியை எண்ணிச் சொல்லும். அது எண்ணக்கூடிய உச்சம் 65,535. அந்த உச்சத்தைத் தொட்டால்தான் "நிரம்பியது" என்று கத்தும்.

சுத்தமான தண்ணீரைப் பார்த்து ஏன் கத்த வேண்டும்?

வெளிச்சம் எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். பெட்டியின் ஓரங்களை டேப் போட்டு அடைத்தேன். மேலே கறுப்புப் போர்வை போட்டேன். அறை விளக்கையும் அணைத்தேன். காலிப் பெட்டியைப் படமெடுத்ததில் எண்ணிக்கை 3. கசிவு இல்லை, சென்சாரும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் அந்த ஒளி உண்மையான ஒளி.

கை விரல்கள் மரத்திருக்கின்றன. குளிர் பெட்டியை நெடுநேரம் தொட்டதால் இருக்கும்.

நாள் 119 — 07:00

இன்று ஒரு குற்றம் செய்யப் போகிறேன். விருந்தாளித் தண்ணீரில் ஒரு பாட்டிலைத் திறக்கப் போகிறேன்.

இந்த நிலையத்தில் முதல் குழு தொடங்கிவைத்த வழக்கம் ஒன்று உண்டு. புதிதாக யார் இறங்கினாலும் கதவருகில் நிறுத்தி, பூமியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்போம். நாலு நாள் பயணம் வந்தவரை வாசலில் நிறுத்தி வாய்க்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உள்ளே விடுவது நமக்கு ஆகாது. அதிலும் இயந்திரத்தில் உருகிய தண்ணீரை எப்படி நீட்டுவது?

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டில்கள் சோதனைக்கு என்று வந்தவை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெற்று மாதிரி வேண்டும். எந்தக் கலப்பும் இல்லாத தண்ணீரில் அதே மருந்தை விட்டுப் படமெடுத்து, அந்த எண்ணைக் கழித்துவிட வேண்டும். மருந்து தானாகத் தரும் சொற்ப ஒளி அப்படிக் கழிந்துபோகும். அரிசி நிறுக்கும்போது காலிப் பாத்திரத்தை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதைப் போன்ற வேலை.

நாள் 34-இல் எண்ணிப் பார்த்தேன். தினம் கொஞ்சம் ஊற்றினால் அடுத்த குழு வரும்போது ஒரு டம்ளர்கூட மிஞ்சாது. வருகிறவர்களில் ஒருத்தி என் தங்கை. அவள் வாசலில் நிற்கும்போது கையை விரிக்க எனக்கு மனமில்லை. நிலையத்திலேயே காய்ச்சி வடித்த தண்ணீரை வெற்று மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அப்போது என்னுடன் இங்கிருந்த இருவரும் சரி என்றார்கள். எல்லாருக்கும் அதில் பெருமைகூட.

காய்ச்சி வடித்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை.

நாள் 119 — 11:20

பூமித் தண்ணீர்: 41.
தொட்டித் தண்ணீர்: 65,535. நிரம்பியது.
காய்ச்சி வடித்த தண்ணீர்: 65,535. நிரம்பியது.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் பூஜ்யம்.

பாத்திரத்தில் அரிசி இருக்கும்போதே தராசைப் பூஜ்யமாக்கியிருக்கிறேன். இத்தனை நாளும்.

பழைய படங்களை எல்லாம் திறந்து, கழிப்பதற்கு முந்தைய எண்களைப் பார்த்தேன். நாள் 70 வரை நாற்பதைச் சுற்றி இருக்கிறது. நாள் 71-இல் 55. நாள் 80-இல் 600. நாள் 90-இல் 4,100. அதன்பின் நின்றபாடில்லை. நாள் 71-இல்தான் ஏழாம் துளையின் பனி தொட்டிக்கு வரத் தொடங்கியது. காய்ச்சினாலும் போகவில்லை, வடிகட்டியிலும் நிற்கவில்லை. புதிய பனி குறைவாக வந்த வாரங்களிலும் எண் ஏறியிருக்கிறது. தொட்டிக்குள் இருந்தபடியே அது பெருகுகிறது. என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. ஒளி தருகிறது என்பது மட்டும் தெரியும்.

நாள் 90-இல், என்னுடன் இங்கிருந்த நவநீதனுக்கு ஈறில் ரத்தம் வந்து, கால் மரத்து, நிற்க முடியாமல் போனது. கேப்டன் ஹமீதா அவரைக் கூட்டிக்கொண்டு நிலையத்தில் இருந்த ஒரே ஊர்தியில் பூமிக்குப் போனார். வைட்டமின் குறைவு என்றார்கள். அங்கே போய் மெல்லத் தேறி வருகிறாராம். அவர் தேறியது இந்தத் தண்ணீரை விட்டதால்.

நேற்றுக் காலை உங்களைக் காபி போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டிருந்தால் குடிக்காதீர்கள்.

நாள் 119 — 14:05

பூமியுடன் பேச்சு, பதிவிலிருந்து. மறுமுனையில் பணி இயக்குநர் குழந்தைவேல், கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், நிதானமானவர்.

"ஏனுங்க ஜெசிந்தா, இத்தனை நாளா நீங்க அனுப்புன அறிக்கை அத்தனையும் என்ற டேபிள் மேலதான் இருக்குதுங்க. ஒண்ணுல கூட பிரச்சினை இல்லீங்க."

"அந்த அறிக்கைதான் சார் தப்பு. வெற்று மாதிரியே கெட்டுப்போனது. கழிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற எண்ணைப் பாருங்க."

"பார்த்தமுங்க. சென்சார் நிரம்பிருச்சுன்னு நேத்து அறிக்கையில நீங்களே எழுதியிருக்கறீங்க. சென்சார் கெட்டாலும் இப்படித்தானுங்க காட்டும்."

"சென்சார் கெடல சார். பூமித் தண்ணியில நாப்பத்தொண்ணு காட்டுது."

"சரிங்க, ஆளுங்களை வெச்சுப் பார்க்கச் சொல்றனுங்க. நீங்க நல்லாத் தூங்குங்க மொதல்ல. கை மரத்துப்போகுதுன்னு வேற அறிக்கையில எழுதியிருக்கறீங்க."

அவர் மேல் கோபமில்லை. நூற்றுக்கும் மேல் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒருத்தி, அதெல்லாம் பொய் என்று ஒரே நாளில் சொன்னால் நானும் தூங்கத்தான் சொல்வேன்.

நாள் 120 — 09:15

தொட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டேன். விருந்தாளித் தண்ணீர் அரை லிட்டர் பாட்டில் பதினொன்று. ஒரு நாளைக்கு ஒன்று.

இன்று கையைப் பெட்டிக்குள் வைத்தேன்.

உயிருள்ள உடம்பு எல்லாமே ஒளி விடுகிறது. செல்லுக்குள் நடக்கும் வினைகளின் ஒளி, மிக மிகச் சொற்பம். இங்கே வந்த புதிதில் விளையாட்டாக மூன்று பேரும் கையைப் படமெடுத்தோம். சராசரியாக 30 வந்தது. இன்று என் இடது கை: 410. மருந்து விடவில்லை. வெறும் கை.

படத்தில் விரல் ஐந்தும் தெளிவாகத் தெரிகின்றன. நகத்தடியில் இன்னும் கூடுதல் வெளிச்சம். என் கைதான், ஆனால் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாள் 121 — 10:40

கப்பல் புறப்பட்டுவிட்டது. நாலு பேர். அவர்களில் மருத்துவர், என் தங்கை பெனிட்டா.

கணக்கு இதுதான். கப்பல் நாள் 125 மாலை 18:40-க்கு நிலவில் இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டால் நிலவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பூமிக்கே திரும்பிவிடலாம், அதற்கு எரிபொருள் இருக்கிறது. இறங்கிவிட்டால் இந்தத் தொட்டித் தண்ணீரைப் பிரித்து எரிபொருள் செய்த பிறகுதான் எழும்ப முடியும். அதற்கு முப்பது நாள். அவர்கள் கொண்டுவரும் குடிநீர் ஆறு நாளுக்கு. மிச்ச இருபத்துநாலு நாள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அந்த 18:40-க்குள் அவர்களைத் திருப்பியாக வேண்டும்.

கப்பலுடன் பேச்சு:

"அக்கா, கேக்குதா? கெளம்பிட்டோம். நாலு நாள்ல அங்கன இருப்பேன். அம்மா ஒனக்கு மாசிக் கருவாட்டுப் பொடி குடுத்து விட்டுருக்கா. பாக்கெட்டப் பிரிச்சு மூணு தடவ செக் பண்ணிட்டுத்தான் உள்ள விட்டானுவ."

"பெனி, நான் சொல்லுததக் கேளு. இங்க எறங்காத. தண்ணி சரியில்ல."

"கொழந்தவேல் சார் எல்லாம் சொன்னாரு. நம்பரெல்லாம் நல்லாத்தானக்கா இருக்கு. நீதான எழுதுன."

"அந்த நம்பரே தப்புட்டி. நான் தப்பா எழுதிட்டேன்."

"சரி, அத விடு. ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு."

சொன்னேன். மரத்த விரல், நேற்று முதல் ஈறில் கசியும் ரத்தம், கையின் 410 எல்லாம். மருத்துவரல்லவா, கேட்டால் பயந்து திரும்புவாள் என்று நினைத்தேன். எனக்கு அறிவில்லை.

"அப்ப நான் வராம வேற யாருக்கா வருவா? தண்ணியில கோளாறுன்னா அதக் குடிச்சது நீ. வைத்தியமும் மொதல்ல ஒனக்குத்தான. நீ பொலம்பாமப் படு. நான் வந்துருதேன்."

நாள் 122 — 13:30

மூலப் படங்கள் முழுவதையும் அனுப்பினேன். பதில் வந்தது: "சென்சார் பழுதாக இருக்கலாம். தனிமையில் இருக்கும் பணியாளரின் உடல்நிலை கவலை அளிக்கிறது. கப்பலின் பயணம் தொடரும்."

நான் எதைச் சொன்னாலும் அவளை இன்னும் வேகமாக இழுக்கிறது. தண்ணீர் கெட்டது என்றால், அக்கா பிதற்றுகிறாள். எனக்கு உடம்பு முடியவில்லை என்றால், அக்காவைக் காப்பாற்ற வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்றால், பிறகென்ன, இறங்கலாமே.

இன்று பல் ஒன்று விழுந்தது. ரொட்டி கடிக்கும்போது, வலியே இல்லாமல், வேருடன். வலிக்காததுதான் பயமாக இருக்கிறது. சும்மா எறிய மனமில்லாமல் பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்தேன். 1,100. அப்படியே உள்ளே கிடக்கிறது.

கை: 980.

நாள் 123 — 08:00

தூங்கவில்லை. ஒரே ஒரு வழி உறுதியாகத் தெரிகிறது. அதை எழுதிவிட்டு, ஏன் செய்யவில்லை என்றும் எழுதுகிறேன்.

தொட்டி பத்தாயிரம் லிட்டருக்குக் கீழே போனால் கப்பலின் கணினி இறக்கத்தை ரத்து செய்துவிடும். திரும்பிப் போக எரிபொருள் கிடைக்காத இடத்தில் அது இறங்காது. மனிதர் யாரும் அதை மீற முடியாதபடி செய்திருக்கிறார்கள். பம்பு அறையில் அவசர வடிகால் வால்வு இருக்கிறது. கையால் சுழற்றும் சக்கரம். ஒருமுறை திறந்தால் பனி உறைந்து மறுபடி மூட முடியாது, தண்ணீர் முழுவதும் வெளியே வெற்றிடத்துக்குப் போய்விடும்.

அதே பத்தாயிரத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் உற்பத்தியும் தானாக நின்றுவிடும். சேமிப்பில் இருப்பது எட்டு நாளுக்கு. அடுத்த கப்பல் தயாராக எழுபது நாள் ஆகும்.

பின்னர் வருபவரே, எனக்குச் சாக பயம். மற்றவர்களுக்காக உயிரைக் கொடுக்கத் துடிக்கும் ஆள் நான் இல்லை. வீட்டில் மீன் குழம்பில் பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டு பெனிக்கு வாலைத் தள்ளிவிட்டவள். நவநீதன் தேறியதுபோல நானும் தேறலாம் என்று இன்னும் ஆசை இருக்கிறது. சக்கரத்தைத் தொடவில்லை.

வேறொன்று தோன்றுகிறது. அவள் வருவது தண்ணீருக்காக இல்லை, எனக்காக. நான் இல்லையென்றால்?

நாள் 123 — 16:00

மார்பில் கட்டியிருந்த இதயத் துடிப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன். நிலையத்தின் கேமராக்களைப் பழுதானதுபோல் அணைத்தேன். இனி எந்த அழைப்புக்கும் பதில் இல்லை. பூமியின் திரையில் என் துடிப்பு நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும்.

செத்துப்போனவளைக் காப்பாற்ற யாரும் இறங்க மாட்டார்கள். அவர்கள் திரும்பிய பிறகு உயிரோடு எழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வேலையை விட்டு நீக்குவார்கள். நீக்கட்டும்.

நாள் 123 — 19:20

வந்த அழைப்புகள். பேசியது குழந்தைவேல் சார்.

16:04. "ஜெசிந்தா, பட்டை கழண்டுருச்சுங்களா? பாருங்க கொஞ்சம்."

16:20. "ஜெசிந்தா, பேசுங்க."

17:45. "அம்மிணி, எதாச்சும் சத்தம் குடுங்க. நான் உங்களை நம்பியிருக்கோணும். தப்புப் பண்ணிட்டனுங்க." அதன்பின் அவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அழுகிற மனிதரின் மூச்சு இரண்டு நிமிடம் கேட்டது.

நாள் 124 — 09:50

பெனியின் குரல். முழுவதையும் இறக்கி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல.

"அக்கா. பூமியிலேருந்து சொல்லிட்டாங்க. திரும்பிருங்கன்னு எங்கள்ட்டக் கேட்டாங்க. எங்க கப்பல் கேப்டனும் திரும்பலாம்னுதான் சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். அக்கா, நீ கேக்க மாட்டன்னு தெரியும், இருந்தாலும் சொல்லுதேன். ஒன்ன அங்கன தனியாப் போட்டுட்டு நான் அம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்? மாதா கோயில் கல்லறையில அப்பா பக்கத்துல ஒனக்கு எடம் இருக்கு. ஒன்னக் கூட்டிட்டுப் போய் அங்கதான் வைப்பேன். மத்த மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. தொட்டி நெறயத் தண்ணி இருக்கு, எரிபொருளுக்குக் கவலையில்லன்னாங்க. பொறு, வந்துருதேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தெருவில் கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், உடல் கிடைக்கும்வரை இருபது வள்ளம் தேடும். நானும் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் பிறந்தவளிடம் போய்ப் பிணமாக நடித்தேன்.

நாள் 124 — 15:10

இப்போது பேசினால் என்ன? உயிரோடு இருக்கிறேன், இறங்காதே என்று சொன்னால்? உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் இறங்குவாள்.

கை: 2,350. இடது காதில் ஓசை. எழுத்தைப் பார்த்து அழுத்த வேண்டியிருக்கிறது, விரலுக்குத் தெரியவில்லை.

நாள் 125 — 10:30

பம்பு அறைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

நாள் 125 — 11:35

திறந்துவிட்டேன். மூன்றரைச் சுற்று. கையில் பலமில்லை, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். குழாய்கள் அதிர்கின்றன. வெளியே தண்ணீர் கொதித்துக்கொண்டே பனியாகிக் கொட்டுவது தரை வழியாகத் தெரிகிறது.

தொட்டி 30,900.

நாள் 125 — 14:40

தொட்டி 19,200. தண்ணீர் போகும் ஓசையைக் கேட்டால் தாகம் எடுக்கிறது. என்ன உடம்போ.

நாள் 125 — 17:25

தொட்டி 9,980.

ஆக்சிஜன் உற்பத்தி தானாக நின்றது. இத்தனை நாள் ஓடிய இரைச்சல் அடங்கியதும்தான் அது இரைச்சல் என்றே தெரிந்தது.

நாள் 125 — 18:22

கப்பல் தலைக்கு மேலே வருகிறது. பேச முடிகிற நேரம் பதினாலு நிமிடம். முதலில் பெனி மட்டும் பேசினாள்.

"அக்கா."

"கணினி எறக்கத்த நிறுத்திருச்சு. தொட்டி காலியாயிட்டுன்னு காட்டுது. கேப்டன் குழாய் வெடிச்சிருக்கும்ங்காரு. நான் நெலையத்தோட வரைபடத்த எடுத்துப் பாத்தேன். அந்த வால்வு கையால சுத்துனாத்தான் தெறக்கும்."

"செத்தவ எப்படிக்கா வால்வத் தெறப்பா?"

"நீ இருக்க. எனக்குத் தெரியும். பேசு."

பொத்தானை அழுத்தினேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"இருக்கேன்ட்டி."

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்கியது.

"நேத்து நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"கேட்டேன்."

"நீ மனுசியாக்கா?"

"பெனி, நேரமில்ல. நவநீதன் ஒடம்புலயும் இது இருக்கும். ஹமீதா ஒடம்புலயும். ரெண்டு பேரு கையையும் சென்சார்ல வச்சுப் பாரு. முப்பதுக்கு மேல இருந்தா விடாம வைத்தியம் பாரு. நான் எல்லாப் படத்தையும் அனுப்பிட்டேன்."

"ஒனக்கு எத்தன நாளுக்கு மூச்சு இருக்கு?"

"இருக்கு."

"எத்தன நாளுன்னு கேட்டேன்."

"போதும்ட்டி."

பிறகுதான் அழுதாள். மீதி ஐந்து நிமிடம் நாங்கள் என்ன பேசினோம் என்று எழுதவில்லை. அது பின்னர் வருபவருக்கு வேண்டியதில்லை. 18:36-க்குக் கப்பல் நிலவின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிட்டது. 18:40 கடந்தது. யாரும் இறங்கவில்லை.

நாள் 127 — 12:00

குழந்தைவேல் சார் தினமும் பேசுகிறார். எழுபது நாளை ஐம்பதாகக் குறைக்கப் பார்க்கிறாராம். அவரை நம்புவதாகச் சொன்னேன். அவரும் நம்புவதாகச் சொன்னார்.

பட்டையை மறுபடி கட்டிக்கொண்டேன். சென்சாரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படுக்கைக்கு மேலே, முகத்தைப் பார்க்கிற மாதிரி மாட்டப் போகிறேன். அறையை இருட்டாக்கிவிட்டால் பெட்டி எதற்கு? பத்து நிமிடத்துக்கு ஒரு படம், தானாகப் பூமிக்குப் போகும். உடம்பில் இது எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் நவநீதனுக்கு உதவும்.

நாள் 128

நேரம் பார்க்கவில்லை. கழற்றும் முன் கடைசியாகப் பெட்டிக்குள் ஒரு படம் எடுத்தேன். பல் உள்ளேயே கிடந்தது. மறந்துபோயிருந்தேன்.

ஆறு நாளாகிறது அது விழுந்து. ரத்தம் இல்லை, உயிர் இல்லை. எண் இறங்கியிருக்க வேண்டும்.

7,400.

இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஏறுகிறது.

நாள் 130

சென்சார் மேலே மாட்டியாயிற்று விளக்கு அணைத்துவிட்டேன். தொட்டுத் தொட்டு எழுதுகிறேன், பிழை இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சென்சாருக்கு மட்டும் நான் தெரிகிறேன். 11,900

துடிப்பு 48

இத்தனை நாள் யாரோ ஒருவருக்கு எழுதினேன். இன்றுதான் உறைத்தது. அடுத்த கப்பலில் முதல் ஆளாக ஏறப்போவது யார், கதவைத் தட்டி முதலில் உள்ளே வரப்போவது யார். எவ்வளவு சொன்னாலும் கேட்காதவள் நீதான்.

பெனி, பேச நாக்கு எழவில்லை, எழுதத்தான் முடிகிறது. இதைத்தான் சொல்ல வேண்டும். படங்கள் வந்துகொண்டே இருக்கும். பட்டை நின்றுவிடும் ஆனால் படம் நிற்காது. பட்டை முன்பு ஒருமுறை பொய் சொன்னது உனக்குத் தெரியும், அதனால் நீ படத்தைத்தான் நம்புவாய். ஒவ்வொரு படத்திலும் நான் முந்தைய நாளைவிட வெளிச்சமாக இருப்பேன், கன்னம் விரல் எல்லாம் தெளிவாக

அதை வைத்து அக்கா இருக்கிறாள் என்று சொல்வாய். எல்லாரையும் நம்ப வைப்பாய், வருவாய்

அந்த வெளிச்சம் நான் இல்லை. கதவைத் திறக்காதே பெனி. உள்ளே என்ன ஒளி தெரிந்தாலும்